சொஜ்ஜிக்கு நான் போட்ட தயிர்சாதம்

கண்ணா,

சொஜ்ஜி உயிரோடு இருக்கிறான். மற்ற எதையும் படிப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள். இப்போது மதியம் இரண்டேகால் மணி. கூடத்தில் அப்பாவின் நாற்காலிக்கு அடியில், தரை குளிர்ச்சியாக இருக்கும் இடத்தில் வாலை நீட்டி ஒருக்களித்துத் தூங்குகிறான். நான் அவனுக்கு ஒரு முழ தூரத்தில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனாவை எடுப்பதற்கு முன் அவன் மூச்சை எண்ணினேன். விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடத்துக்குப் பதினான்கு வந்தது. அதை இரண்டால் பெருக்க வேண்டும். முப்பதுக்குள் இருந்தால் அன்றைய பொழுது பிழைத்தது. நாற்பதைத் தாண்டினால் எதையும் யோசிக்காமல் கூடையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடிக்க வேண்டும். நான்கு மாதமாக அவன் தூங்கும்போதெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன். உனக்கு இதில் எதுவும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்தான்.

அடுத்த மாதம் நீ வந்து அவனை உன்னோடு ஜெர்மனிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். பூனையை விமானத்தில் கொண்டுபோவதற்கான பெட்டியைக்கூட அனுப்பிவிட்டாய். நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உன் குரல் கேட்டு ஓடி வருவான். வழியில் எதிலும் இடித்துக்கொள்ளமாட்டான், ஏனென்றால் மார்ச் மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு ஸ்டூலைக்கூட நாங்கள் நகர்த்தவில்லை. உன் காலில் உரசுவான். நீ குனிந்து அவன் பெயரைச் சொல்வாய். அவன் முகத்தை நிமிர்த்துவான், ஆனால் உன்னைப் பார்க்கமாட்டான். உன் தோளுக்குப் பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பான். சொஜ்ஜிக்குக் கண் தெரியாது கண்ணா. இனி தெரியப்போவதும் இல்லை. அவனுடைய இதயமும் பழுதாகியிருக்கிறது. இரண்டுக்கும் நான்தான் காரணம்.

நீ கிளம்பிய அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். பெட்டிகளை லிஃப்டில் ஏற்றிவிட்டு மறுபடியும் உள்ளே ஓடி வந்தாய். துணி துவைக்கும் பால்கனியில் இருக்கும் அலமாரியைத் திறந்து, நீ வாங்கி அடுக்கியிருந்த பூனை உணவுப் பைகளைக் காட்டினாய். "அம்மா, நான் சொல்றதைக் காதுல வாங்கிக்கோ. பூனை மனுஷா மாதிரி இல்லை, நாய் மாதிரியும் இல்லை. மாமிசத்துல இருக்கற ஒரு சத்தை அது உடம்புக்குத் தானா பண்ணிக்கத் தெரியாது. நான் போனப்புறம் தயிர்சாதம் கியிர்சாதம்னு ஆரம்பிக்காதே" என்றாய். "ஏர்போர்ட் பஸ் போயிடும், கிளம்புடா" என்றேன். "பிராமிஸ் பண்ணு." "சரி, பிராமிஸ், போ." நீ சிரித்துக்கொண்டே போனாய். நீ சொன்ன காரணம் என் காதில் விழுந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதிகூட எனக்கு இல்லை.

மூன்று வாரம் வாக்கைக் காப்பாற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பையைப் பிரித்து, நீ வைத்துவிட்டுப் போன கரண்டியால் அளந்து போட்டேன். பிறகு புரட்டாசி வந்தது. சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை, வருகிறவர்கள் போகிறவர்கள், கோயிலாழ்வார் இருக்கும் பூஜை அறையில் விளக்கு. பால்கனிக் கதவைத் திறந்தால் மீன் வாடை கூடம் வரைக்கும் வருவதாக எனக்குத் தோன்றியது. வேறு யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் தோன்றியது. இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் என்று நினைத்து, கெட்டித் தயிர் விட்டுக் குழையப் பிசைந்த சாதத்தை அவன் தட்டில் வைத்தேன். முதல் நாள் முகர்ந்துவிட்டுப் போய்விட்டான். இரண்டாம் நாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டான். பசியில் சாப்பிட்டான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு ஏதோ வரம் கிடைத்த மாதிரி இருந்தது.

புரட்டாசி முடிந்தது. நான் பழைய உணவுக்குத் திரும்பவில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்லிக் காட்டினேன். "எங்காத்துப் பூனைக்குத் தயிர்சாதம் இல்லாட்டா இறங்காது" என்பேன். "போன ஜன்மத்துல ஏதோ பாகவதர் போல இருக்கு" என்று மேலுகோட்டையிலிருந்து வந்த உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். நீ மாதாமாதம் அனுப்பிய பைகளை என்ன செய்தேன் தெரியுமா? கீழே காவலுக்கு இருக்கும் மாரியப்பனிடம் கொடுத்தேன். அவர் அதைக் கார் நிறுத்தும் இடத்தில் திரியும் பூனைகளுக்குப் போட்டார். ஒருநாள் என்னை நிறுத்தி, "அம்மா, நம்ம காம்பவுண்டு பூனைங்களப் பாருங்க, எப்படிப் பளபளன்னு ஆயிருச்சுங்க! ஒங்க வீட்டுப் பூனையவிட இதுங்கதான் ஜோரு" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். தெருப்பூனைகளுக்கெல்லாம் கண் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது மாடியில், நீ வலை கட்டிய பால்கனிக்குள், பல்லியோ எலியோ எதுவும் சிக்காத இடத்தில் என் பூனைக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்தது.

நீ ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாய். "சாப்பாடு சரியா போடறியாம்மா?" "போடறேன்டா." எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! ஒருமுறை நீ போனின் திரையில் உன் விரலை ஆட்டி அவனைக் கூப்பிட்டாய். அவன் திரும்பவே இல்லை. "என்னம்மா, என்னை மறந்துட்டானா?" என்று கேட்டாய். "தூங்கி எழுந்திருக்கான், கலக்கத்துல இருக்கான்" என்றேன். உனக்குச் சொன்னதை நானும் நம்பிக்கொண்டேன். ஜன்னல் திட்டுக்குத் தாவும்போது குறி தப்பி விழுந்தான். சோம்பேறி ஆகிவிட்டான் என்றேன். நல்ல வெயிலில்கூட அவன் கண்மணி பெரிதாக, கறுப்பாக விரிந்திருந்தது; என்ன அழகு என்று போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ அதற்கு ஓர் இதயப் படம் போட்டு பதில் அனுப்பினாய். அந்தப் போட்டோவைப் பார்க்க எனக்கு இப்போது தைரியம் இல்லை.

மார்ச் மாதம் ஒரு காலை, அப்பா வேலைக்கு நஞ்சன்கூடு ரயிலுக்குக் கிளம்பிப் போன பிறகு, சொஜ்ஜி கூடத்திலிருந்து சமையலறை வரை நடந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். வாயைத் திறந்து, நாய் இளைப்பதுபோல இளைத்தான். பூனை வாயால் மூச்சு விடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாக்கு சாம்பல் நிறத்தில் இருந்தது. புடவையைக்கூட மாற்றாமல் காய்கறிக் கூடையில் துண்டை விரித்து அவனை வைத்துக்கொண்டு இறங்கினேன். மாரியப்பன் ஆட்டோவை நிறுத்தினார். குவெம்பு நகர் வீட்டிலிருந்து கிளினிக் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடமும் நான் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் போய்விடுவான் என்று ஒரு பயம். அவன் முதுகின் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுநரின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கொள்ளேகால் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். பூனைகளை மட்டும் பார்ப்பதற்குத் தனி நேரம் வைத்திருக்கிறார், நாய்க் குரைப்பு கேட்டால் அவை மிரளும் என்பதற்காக. அவனை வாங்கிக்கொண்டு போய், கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் பிராணவாயு செலுத்தி வைத்தார். நெஞ்சைச் சுற்றித் தேங்கியிருந்த நீரை ஊசியால் எடுத்தார். மனிதர்களுக்கு எடுப்பதுபோல இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தார். ஓர் எலுமிச்சையைவிடச் சிறிய இதயம், திரையில் பெரிதாகத் துடித்தது. என் கண்ணுக்கே அது சரியாகத் துடிக்கவில்லை என்று தெரிந்தது. தண்ணீர் நிரம்பிய பலூன் மெல்ல அசைவதுபோல இருந்தது. "இதயம் பெருத்து, சுவரு மெலிஞ்சு போயிருக்குதுங்க. சுருங்கறதுக்கு வலுவில்லை" என்றார். பிறகு சாதாரணமாக, எழுதிக்கொண்டே கேட்டார். "ஏனுங்கம்மா, என்ன சாப்பாடு போடறீங்க?"

"பூனைக்குன்னு விக்கற சாப்பாடுதான். பையன் மாசாமாசம் அனுப்பறான்" என்றேன்.

நீ அனுப்புவது உண்மை. பொய் சொல்லும்போது பக்கத்தில் ஓர் உண்மையை உட்காரவைத்துவிடுவது என் வழக்கம். டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "அந்தச் சாப்பாடு திங்கற பூனைக்கு இப்படி வர்றது அபூர்வமுங்க. அப்ப வேற காரணமாத்தான் இருக்கோணும். அப்படியிருந்தா மாத்திரையில கொஞ்ச நாள் ஓட்டலாம், அவ்வளவுதான்" என்றார். நான் தலையாட்டினேன். கண்ணா, அவன் உயிர் போகலாம் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிறார், நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் அதோடு விடவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, கையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்து அவன் கண்ணுக்குள் ஒளி அடித்து நெடுநேரம் பார்த்தார். விளக்கைப் போட்டபோது குரல் மாறியிருந்தது. "அம்மா, கண்ணுக்கு உள்ளார இருக்கற திரை முழுசும் மெலிஞ்சு போச்சுங்க. இவனுக்குப் பார்வை இல்லை, தெரியுமுங்களா? கண்ணும் இதயமும் சேர்ந்து இப்படிப் போறதுன்னா ஒரே ஒரு சத்து இல்லாமப் போயிருக்கோணும். பேரு டாரின். கறி, மீன்ல மட்டும் இருக்கும். நான் திட்டறதுக்குக் கேக்கலீங்க. காரணம் மாறுனா வைத்தியம் மாறும், அதுக்குத்தான் கேக்கறேன். என்ன போட்டீங்க?"

"தயிர்சாதம்" என்றேன்.

"தினமுமுங்களா?"

"தினமும். ஒன்றரை வருஷமா."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெருமூச்சு விட்டுவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க? இதுன்னா வழி இருக்குதுங்க" என்றார். கண் திரும்பாது. ஆனால் இதயத்துக்கு அந்தச் சத்தைத் திரும்பக் கொடுத்தால் சில பூனைகளுக்குச் சுவர் மறுபடியும் வலுப்பெறுகிறதாம். முன்பெல்லாம் காரணம் தெரியாமலே இப்படிப் பூனைகள் செத்துப்போகுமாம். இப்போது காரணம் தெரியும், மருந்தும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், முதல் இரண்டு வாரத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம் என்றார். நான் சொன்ன பொய் அங்கே நின்றிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

அன்று கிளினிக்கின் பெஞ்சில் காத்திருந்தபோது எனக்கு வேறு ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அது உன்னைப் பற்றியது, உனக்குத் தெரியாதது. உனக்கு ஏழு வயதில் மூச்சிரைப்பு இருந்ததல்லவா? டாக்டர் உனக்கு மூச்சோடு உறிஞ்சும் மருந்து எழுதிக்கொடுத்தார், காலையும் மாலையும் தவறாமல் கொடுக்கச் சொன்னார். அது பழகிவிட்டால் விடவே முடியாது என்று யாரோ சொல்லக் கேட்டு, நான் பயந்து இரண்டாவது வாரமே நிறுத்திவிட்டேன். மறுமாதம் உனக்கு இழுப்பு அதிகமாகி அழைத்துப்போனபோது, "மருந்து சரியாகக் கொடுக்கிறீர்களா?" என்று அவர் கேட்டார். "கொடுக்கறேன்" என்றேன். கொடுத்தும் கேட்கவில்லை என்று நினைத்து அவர் இன்னும் வலுவான மருந்துக்கு மாற்றினார். அதைக் குடித்துவிட்டு நீ இரண்டு நாள் கை நடுங்க உட்கார்ந்திருந்தாய். பென்சில் பிடிக்க முடியவில்லை என்று அழுதாய். நான் உன்னை மடியில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன். எல்லோரும் என்னைப் பார்த்து, பாவம், எவ்வளவு பாசம் என்றார்கள். டாக்டரிடம் மறுபடி போய் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய மருந்தை எடுத்து ரகசியமாக ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பித்தேன், உனக்குச் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதால் அந்தப் பொய்யை மறந்துவிட்டேன். ஒருவேளை அன்று உனக்குச் சரியாகாமல் போயிருந்தால்? இந்தக் கேள்வியைப் பதினேழு வருடம் கழித்து, ஒரு பூனைக்காக உட்கார்ந்திருந்த பெஞ்சில்தான் என்னால் கேட்டுக்கொள்ள முடிந்தது.

மூன்று நாள் கழித்து சொஜ்ஜியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுவரை அப்பாவிடம் இதயக் கோளாறு என்று மட்டும் சொல்லியிருந்தேன். இனி வீட்டில் மீனும் கோழியும் அரைத்த டப்பா வந்தாக வேண்டும். அவர் என்ன சொல்வாரோ என்று அவர் ரயில் வரும் நேரம் வரை கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். வந்து கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நீ அனுப்பியதைக் கீழே கொடுத்தது, தயிர்சாதம், டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாம். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஏன் அந்தச் சாப்பாட்டை நிறுத்தினே?"

"நம்மாத்துல அந்த வாடை... உங்களுக்குப் பிடிக்காதேன்னு."

"நான் சொன்னேனா?"

"இல்லை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க ஒத்துக்கமாட்டேள்னு நெனச்சேன்."

"நீயே கேட்டு, நீயே என் சார்பா முடியாதுன்னு சொல்லி, அந்த வாயில்லா ஜீவனுக்குக் கண்ணைப் பிடுங்கிட்டே" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. எழுந்துபோய் பால்கனியில் நின்றார். நான் எழுந்து போகவும் முடியாமல், அங்கேயே உட்காரவும் முடியாமல் இருந்தேன். மறுநாள் விடியற்காலை நான் எழுந்தபோது அவர் குளிப்பதற்கு முன்னால், பழைய வேட்டியோடு பால்கனியில் குத்துக்காலிட்டு டப்பாவோடு போராடிக்கொண்டிருந்தார். "இங்க வா, இதுல என்ன போட்டிருக்குன்னு படி. சூரை மீனா, மத்தி மீனா? நேக்கு ரெண்டும் ஒண்ணுதான், அவனுக்கு வித்தியாசம் தெரியுமோ என்னமோ" என்றார். சொஜ்ஜி வாசனை பிடித்துக்கொண்டு, சுவரோரமாக, ஒவ்வொரு காலாக வைத்து வந்தான். தட்டில் முகத்தைப் புதைத்து உறுமிக்கொண்டே சாப்பிட்டான். தயிர்சாதத்தை ஒருநாளும் அவன் உறுமிக்கொண்டு சாப்பிட்டதில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமல் குளிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து காலைச் சாப்பாடு அவர் கையால்தான். முடித்துவிட்டுக் குளித்து, சந்தியாவந்தனம் பண்ணிவிட்டு ரயிலுக்கு ஓடுகிறார்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் பயம்தான் கடிகாரம். டாரின் பொடியை இருவேளையும் சாப்பாட்டில் கலக்க வேண்டும். நீர் பிரிய ஒரு மாத்திரை. இதயத்துக்கு வலு கொடுக்க ஒன்று. ரத்தம் உறையாமலிருக்க ஒன்று. அது மகா கசப்பு, நாக்கில் பட்டால் வாயெல்லாம் நுரை தள்ளுவான். அந்த மூன்றாவது மாத்திரையை ஏன் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் கேட்காமலே இருந்திருக்கலாம். பெருத்த இதயத்துக்குள் ரத்தம் கட்டி, அது நழுவிப்போய்ப் பின்னங்காலுக்குப் போகும் குழாயை அடைத்துவிடுமாம். ஒரு நொடியில் இரண்டு காலும் விழுந்து, பாதம் ஜில்லென்று ஆகி, வலியில் கத்துமாம். அதனால் காலையில் எழுந்ததும் முதலில் அவன் பின்னங்காலைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாக இருந்தால்தான் காபி போடப் போகிறேன். கடைக்குப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுகிறேன். ஒருநாள் கீழே ஏதோ குழந்தை வீறிட்டது, நான் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அவன் வெயிலில் படுத்து நக்கிக்கொண்டிருந்தான்.

மூச்சை எண்ணும்போது என் மூச்சு நின்றுவிடுகிறது. அவன் ஆழ்ந்து தூங்கினால் விலா அசைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. கன்னத்தைத் தரையில் வைத்து, மறுபக்கத்துச் சுவரை வைத்து அளந்து பார்ப்பேன். அசைகிறதா, இல்லை என் கண்தான் துடிக்கிறதா? அந்த இரண்டு மூன்று நொடிகளில் உன் முகம்தான் வருகிறது. அவன் செத்துப்போவான் என்ற பயம் பாதி. உன்னிடம் என்ன பொய் சொல்வது என்று என் மனம் அப்போதே தயாராகிறது பார், அந்தப் பயம் மீதி. வயசாகிவிட்டது, ஏதோ கிருமி, திடீரென்று என்று எத்தனை காரணங்களை எனக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன் தெரியுமா? இப்படிப்பட்டவளிடம்தான் நீ அவனை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

ஆறு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் பெரிய மாற்றமில்லை. "மோசமாகலை, அதுவே நல்லதுங்க" என்றார் டாக்டர். பூனைகளைப் பற்றி அவர் சொன்ன ஒன்று என்னை விட்டுப் போகவில்லை. வலியையும் நோயையும் பூனை வெளியே காட்டாதாம். பலவீனம் தெரிந்தால் வேறு மிருகம் அடித்துவிடும் என்ற பயம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறதாம். அதனால்தான் நன்றாக இருக்கும்போதே வருடத்துக்கு ஒருமுறை, வயதானால் இருமுறை, எடை, பல், ரத்தம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கச் சொல்கிறார்கள். நீ இருந்தவரை அழைத்துப் போனாய். நீ போன பிறகு நான் ஒருமுறையும் போகவில்லை. போயிருந்தால் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள்.

நான் உனக்குப் புத்தி சொல்லும் தகுதியை இழந்துவிட்டேன். ஆனாலும் அம்மா என்பதால் சிலதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் வாழ்க்கையில் யாரோ ஒருத்தி வருவாள். அவளிடம் கேட்காமலே, அவள் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று நீயாக முடிவுகட்டாதே. உன் அப்பா ஒருநாளும் சொல்லாத ஒரு மறுப்பை அவர் தலையில் வைத்து, அதன் பின்னால் நான் ஒன்றரை வருடம் ஒளிந்திருந்தேன். இன்னொன்று. ஒரு காரியத்தைப் பற்றி யாராவது கேட்கும்போது உன் வாயிலிருந்து "ஆச்சு" என்று ரொம்பச் சீக்கிரம் வந்தால், அங்கே நின்றுவிடு. நீ போனில் "சாப்டேன்ம்மா, தூங்கினேன்ம்மா" என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் திக்கென்கிறது. அந்த வேகம் எனக்குத் தெரிந்த வேகம். அதை நீ என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாயோ? பயத்தில் பொய் சொல்கிறவர்களைப் பார்த்தால் கெட்டவர்கள் மாதிரி தெரியாது. அன்பானவர்கள் மாதிரிதான் தெரியும். அவர்களே அப்படித்தான் நம்பிக்கொண்டும் இருப்பார்கள்.

டாக்டர் இதையெல்லாம் எழுதச் சொன்னார். மாமிசம் நுழையாத நம்மைப் போன்ற வீடுகளிலிருந்து இன்னும் சில பூனைகள் அவரிடம் வந்திருக்கின்றனவாம். "நான் சொன்னா சண்டைக்கு வர்றாங்க, உங்களாட்டம் ஒருத்தர் எழுதுனாத்தான் கேப்பாங்க" என்றார். அவருடைய கிளினிக் சுவரில் ஒட்டவும் ஒப்புக்கொண்டேன். ஆனால் இதை யார் படித்தாலும் உனக்குப் பிறகுதான் படிக்க வேண்டும்.

நாளை காலை பத்தரை மணிக்கு அடுத்த ஸ்கேன். நான்கு மாதம் முடிந்திருக்கிறது, இதயம் திரும்புவதாக இருந்தால் இந்நேரம் தெரிந்துவிடும் என்கிறார்கள். சுவர் தடித்திருந்தால் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைப்பார்கள், உன்னோடு விமானத்தில் வரவும் விடுவார்களாம். இல்லையென்றால் இன்னும் எத்தனை நாள் என்றுதான் பேச வேண்டியிருக்கும். இரவு எப்படிக் கழியப்போகிறதோ தெரியவில்லை. முடிவு தெரிந்த பிறகு உனக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாவும் அதையே சொன்னார். ஆனால் என்னை எனக்குத் தெரியும். நாளை நல்ல செய்தி வந்தால் இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, கண் மட்டும் ஏதோ கோளாறாகிவிட்டது என்று உன்னிடம் சொல்வேன். கெட்ட செய்தி வந்தால் அழுது, உன்னை எனக்காக இரக்கப்பட வைத்து, நான் செய்ததை அந்த அழுகைக்குள் கரைத்துவிடுவேன். எந்தச் செய்தியும் வராத இன்றைக்கு மட்டும்தான் இதை உள்ளது உள்ளபடி சொல்ல என்னால் முடியும்.

இந்தத் தாள்களைப் போட்டோ எடுத்து இப்போதே அனுப்புகிறேன். எழுதி முடிக்க மணி நாலாகிவிட்டது; உனக்கு அங்கே மதிய இடைவேளை ஆரம்பித்திருக்கும். படித்துவிட்டு உடனே கூப்பிடுவாய் என்று தெரியும். முதல் மணியிலேயே எடுப்பேன். நீ கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வேன். எவ்வளவு திட்டினாலும், பாதியில் அப்பா வந்தாலும் போனை அவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகமாட்டேன்.

அம்மா